நான் அடித்த தலைப்பு

எங்கள் மாலைப் பத்திரிகை பகல் பன்னிரண்டரைக்குள் அச்சுக்குப் போயாக வேண்டும். இரண்டு மணி பஸ்ஸில் கட்டு ஏறினால்தான் நாலு மணிக்குக் கல்லிடைக்குறிச்சி டீக்கடைகளில் போஸ்டர் தொங்கும். இன்னொரு கட்டு கிழக்கே ஆழ்வார்திருநகரி வரை போகும். பஸ்ஸைத் தவறவிட்டால் அன்றைய பத்திரிகை எடைக்குத்தான். அதனால் காலையில் ஆபீஸுக்குள் நுழைந்துவிட்டால் அச்சுக்குப் போகும்வரை யாரும் யாரிடமும் நின்று பேச மாட்டார்கள்.

தமிழில் பி.ஏ. முடித்து, டைப்பிங் பாஸ் செய்து, மூன்று மாதம் கம்ப்யூட்டர் வகுப்புக்கும் போய்விட்டு அங்கே செய்தி அடிக்கும் வேலையில் சேர்ந்திருந்தேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கம்ப்யூட்டர் இருந்த அறைக்கு ஏ.சி. வைத்திருந்தார்கள். தூசி ஆகாது என்று ஜன்னலை ஆணி அடித்து மூடி, மேலே காகிதமும் ஒட்டியிருந்தார்கள். வெளியே மழையா வெயிலா என்பதே வீட்டுக்குக் கிளம்பும்போதுதான் தெரியும். செய்தியாளர்கள் கையால் எழுதித் தரும் காகிதங்களை அந்த அறைக்குள் உட்கார்ந்து அடிப்பேன். தலைப்பு மட்டும் ஆசிரியர் சொல்வது. அவரை எல்லோரும் அண்ணாச்சி என்றே கூப்பிடுவோம். கெட்ட மனிதர் இல்லை. என் அப்பாவுக்கு ஆஸ்பத்திரிச் செலவு வந்தபோது கேட்காமலே முன்பணம் கொடுத்தவர்.

எங்கள் வீடு டவுணில், ரதவீதிக்கு ஒரு தெரு உள்ளே. பின்கட்டில் இரண்டு அறை வாடகைக்கு விட்டிருந்தோம். அங்கே இலங்கையிலிருந்து வந்த ஒரு குடும்பம் இருந்தது. கணவர் அந்த ஊரில் பள்ளிக்கூடத்தில் ரசாயனம் நடத்தியவர். மனைவி, பதினாலு வயதில் ஒரு மகள். மன்னார்ப் பக்கமிருந்து படகில் வந்து, கொஞ்ச நாள் முகாமில் இருந்துவிட்டு, வெளியே தங்க அனுமதி வாங்கியிருந்தார்கள். மாதம் ஒருமுறை போலீஸ் ஸ்டேஷனில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். அவர் தெருப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தார். பிள்ளைகள் அவரை ‘சார்’ என்றார்கள். நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். அவர் என்னைப் ‘பிள்ளை’ என்பார். முதலில் அது எனக்குச் சிரிப்பாக இருந்தது. எங்கள் பக்கம் அது எங்கள் சாதி ஆண்களின் பெயருக்குப் பின்னால் வருவது.

அந்த வருஷம் கோடை விடுமுறையில் ஒருநாள் சாயங்காலம் அவர் அடுக்களை வாசலில் வந்து நின்றார்.

“பிள்ளை, மூண்டு போத்தல் கிடைக்குமோ? மூடியோடை இருந்தா நல்லது. ஆத்துத் தண்ணி, கிணத்துத் தண்ணி, குழாய்த் தண்ணி மூண்டிலையும் சவுக்காரம் போட்டுக் குலுக்கினா எதிலை கூட நுரை வருமெண்டு பிள்ளையளுக்குக் காட்டப்போறன்.”

பரணில் கிடந்த பழைய ஊறுகாய் பாட்டில்கள் மூன்றைக் கழுவிக் கொடுத்தேன். மறுநாள் விடிந்ததும் அவர் குறுக்குத்துறைக்குப் போய் ஆற்றுத் தண்ணீர் பிடித்து வந்தார். அன்று மதியமே பின்கட்டில் பிள்ளைகள் சிரிக்கும் சத்தம் கேட்டதாக அம்மா சொன்னாள்.

அதற்கு இரண்டு நாள் கழித்துத் துறைக்குக் கொஞ்சம் கீழே மீன்கள் செத்து மிதந்தன. ஆற்றில் தண்ணீர் மிகவும் குறைந்து, பள்ளங்களில் மட்டும் தேங்கிக் கிடந்த சமயம். அன்று காலை பதினொன்றரை இருக்கும், எங்கள் செய்தியாளர் வேர்க்க விறுவிறுக்க வந்து இரண்டு காகிதங்களை என் மேஜையில் வைத்தார். நான் அடிக்கத் தொடங்கினேன். நூற்றுக்கணக்கான மீன்கள் செத்து மிதந்தன. பொதுமக்கள் பீதி. நகருக்குக் குடிநீர் இங்கிருந்துதான் போகிறது. இரண்டு நாட்களுக்கு முன் அதிகாலையில் இலங்கை அகதி ஒருவர் கையில் பாட்டில்களுடன் ஆற்றங்கரையில் நின்றதைக் குளிக்கச் சென்றவர்கள் பார்த்துள்ளனர்.

என் விரல் அந்த வரியில் நின்றுவிட்டது.

“என்னம்மா நிறுத்திட்ட?” என்று ஆசிரியர் கதவைத் திறந்து கேட்டார். “பன்னெண்டு ஆகப் போகுது.”

“அண்ணாச்சி, இது எங்க பின்கட்டுல இருக்காவள்லா, அந்த சாருதான். பாட்டில் நான்தான் குடுத்தேன். பிள்ளையளுக்குப் பாடம் நடத்தத் தண்ணி எடுக்கப் போனாவ.”

அவர் காகிதத்தை எடுத்துப் படித்தார்.

“இதுல அவரு பேரு இருக்கா?”

“இல்ல.”

“தெரு?”

“இல்ல அண்ணாச்சி.”

“பெறவு என்ன? கலந்தாருன்னா எழுதுதோம்? கலந்தாரான்னுல்லா கேக்கோம். இல்லைன்னா இல்லைன்னு நாளைக்குப் போட்டுட்டுப் போறோம்.” கதவைச் சாத்தப் போனவர் திரும்பி, “பாட்டில் குடுத்தத வேற யாருட்டயும் சொல்லிட்டுத் திரியாத. நாளைக்கு ஒன் வீட்டப் பத்தியும் எவனாவது எழுதிக் கொண்டாருவான்” என்றார். பயமுறுத்துகிற மாதிரி அவர் சொல்லவில்லை. அக்கறையாகத்தான் சொன்னார். அதுதான் என் கையைக் கட்டிப் போட்டது.

தலைப்பு: தாமிரபரணியில் விஷம் கலந்தாரா அகதி? அதை அடித்தேன். பிறகு போஸ்டர். போஸ்டருக்கு இரண்டே வரி. முதல் வரி ‘ஆற்றில் விஷம்’. இரண்டாவது வரி ‘அகதி சதி?’ எழுத்தைப் பெரிதாக்கியபோது கேள்விக்குறி மட்டும் தாளுக்கு வெளியே போனது.

“எழுத்தக் கொஞ்சம் சின்னதாக்கட்டுமா அண்ணாச்சி?”

“சின்னதாக்காத. பஸ்ல இருந்து பாத்தா தெரியணும். குறிய எடுத்துரு.”

எடுத்தேன். ஒரு பட்டனைத் தட்டுகிற வேலை. பன்னிரண்டே கால்.

மூன்றரை மணிக்கு டவுண் பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது என் முன்சீட்டில் ஒருவர் பத்திரிகையை விரித்து வைத்திருந்தார். பக்கத்தில் இருந்தவர் எட்டிப் பார்த்துப் படித்துவிட்டு, “யார்வே அது? எங்கன இருக்கானாம்?” என்றார். “டவுணுக்குள்ளதான் இருப்பான். டியூஷன் எடுக்கான்லா ஒருத்தன், நம்ம கோயில் பின்னால” என்றார் பத்திரிகைக்காரர். செய்தியில் இல்லாத தெருவை அவரே சொன்னார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஒவ்வொரு டீக்கடையிலும் மஞ்சள் தாளில் என் இரண்டு வரி தொங்கியது.

வீட்டு வாசலில் ஏற்கெனவே ஆட்கள் கூடியிருந்தார்கள். கத்தவோ கல்லெறியவோ இல்லை. சும்மா நின்றார்கள். அது இன்னும் கஷ்டமாக இருந்தது. பின்கட்டில் சார் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தார். அன்றைய பத்திரிகையை அவர் பார்த்திருக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் ஜீப் வந்தது. கையில் சாக்பீஸ் தூளோடு வெளியே வந்த அவர் போலீஸ்காரர்களிடம் என்னவோ கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“பிள்ளை, பத்து நிமிஷத்திலை வந்திடுவன். பிள்ளையளை இருக்கச் சொல்லுங்கோ.”

நான் தலையாட்டினேன். பிள்ளைகளின் தாய்மார் ஜீப் தெருமுனை திரும்பும் முன்பே வந்து அவரவர் பிள்ளையைக் கையைப் பிடித்து இழுத்துப் போனார்கள். அலமாரியிலிருந்த மூன்று பாட்டில்களையும் போலீஸ் எடுத்துப் போனது. பாடம் முடிந்த பிறகும் அவர் அவற்றில் தண்ணீரை அப்படியே வைத்திருந்தார். ஒவ்வொன்றிலும் அவர் அழகான கையெழுத்தில் சீட்டு ஒட்டியிருந்தது: ஆறு, கிணறு, குழாய்.

அன்றிரவு அப்பா சாப்பிடவில்லை. தாலுகா ஆபீஸில் முப்பது வருஷம் கிளார்க்காக இருந்தவர்.

“நான் ஸ்டேஷன்ல போய் பாட்டில் நாம குடுத்ததுன்னு சொல்லிட்டு வாறேன்பா” என்றேன்.

“சொன்னா அவன் எழுதிக்கிடுவான். எழுதினது போவாது பாத்துக்கோ. அவரு வெளிய வந்தாலும் ஒம் பேரு அங்கனயே கெடக்கும். நாளைக்கு ஒனக்கு ஒரு எடம் பாத்தா, விசாரிக்கவன் அங்கதான் போய் விசாரிப்பான்.”

“அப்ப அவாள அப்படியே விட்டுருதா?”

அப்பா எழுந்து வாசல் கதவைத் தாழ் போட்டார். பின்கட்டு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. நான் போய்க் கதவைத் தட்டினேன். சாரின் மனைவி திறந்தார். பக்கத்தில் மகள் நின்றாள். பாயில் பத்திரிகை கிடந்தது, யாரோ உள்ளே எறிந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நான் எந்தப் பத்திரிகையில் வேலை பார்க்கிறேன் என்பது அவர்களுக்குத் தெரியும். அந்த அம்மா அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. “அவருக்கு ராத்திரிக்கு ஒரு குளிசை இருக்கு. ஸ்டேஷனிலை குடுக்க விடுவினமோ?” என்று மட்டும் கேட்டார்.

அந்த இரவில் போக முடியவில்லை. மறுநாள் காலையில் வேலைக்குப் போகிற வழியில் அப்பாவிடம் சொல்லாமல் ஸ்டேஷனுக்குப் போனேன். மாத்திரையைக் கொடுத்தேன். ரைட்டர் என்று சொல்லப்படுகிற எழுத்து வேலை பார்க்கும் போலீஸ்காரர், வயதானவர், பெஞ்சில் உட்காரச் சொன்னார். நடந்ததைச் சொன்னேன். பாட்டில், பாடம், சவுக்காரம் எல்லாவற்றையும். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “நீ எங்கன வேல பாக்க?” என்றார். சொன்னேன். அவர் மேஜையின் கீழ்த்தட்டிலிருந்து முந்தின நாள் பத்திரிகையை எடுத்து என் முன்னால் வைத்தார்.

“இதுலதான?”

“ஆமா.”

“நேத்து நீங்க இதப் போட்டதுக்குப் பெறவுதாம்மா எங்களுக்கு மேல இருந்து போன் வந்துச்சு. போயி கூட்டியாந்தோம். இன்னைக்கு நீயே வந்து அது அப்படி இல்லைன்னு சொல்லுத. நான் எத எழுதட்டும்?”

நான் பத்திரிகையைத் திருப்பி வைத்தேன். “தண்ணி டெஸ்டுக்குப் போயிருக்கு. அது வரட்டும்” என்றார். நான் சொன்னதை ஒரு தாளில் குறித்துக்கொண்டார். அது எந்த ஃபைலில் சேர்ந்தது என்று எனக்குத் தெரியாது.

ஆபீஸில் அன்றைய முதல் பக்கம் தயாராக இருந்தது. ‘அகதி சிக்கினார்’ என்பது தலைப்பு. நாங்கள் சந்தேகித்தோம், போலீஸ் பிடித்தது, எனவே சந்தேகம் சரி என்று செய்தி போனது. நடுவில் மூன்று பாட்டில்களின் படம். கீழே அடிக்கச் சொல்லிக் கொடுத்திருந்த வரி: ‘ஆறு, கிணறு, குழாய்: சீட்டு எழுதி வைத்திருந்த மூன்று இலக்குகள்’.

“அண்ணாச்சி, அது எதுல இருந்து எடுத்த தண்ணின்னு எழுதி வச்ச சீட்டு.”

“நீ சொல்லுத மாதிரியும் இருக்கலாம். இப்படியும் இருக்கலாம்லா” என்றார் அவர். “நேத்து எவ்வளவு பேப்பர் போச்சுன்னு தெரியுமா? ஆறு மணிக்கே ஒரு கடையிலயும் இல்ல.” அவர் முகத்தில் சந்தோஷத்தைவிட அசதிதான் தெரிந்தது. “சனம் கேக்கதத்தான் நாம குடுக்கோம். நாம குடுக்கலைன்னா மெட்ராஸ்ல இருந்து வாரவன் குடுத்துட்டுப் போறான்.”

அன்று அந்த வரியை அடித்துவிட்டுக் கழிப்பறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். வேலையை விட்டுவிடலாமா என்று யோசித்தேன். விட்டால் வேறொரு பெண் அதே நாற்காலியில் உட்கார்ந்து அதையே அடிப்பாள். அப்பாவுக்கு வாங்கிய முன்பணத்தில் பாதி இன்னும் கழியவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

வீட்டிலும் மூச்சு முட்டியது. அம்மா குழாய்த் தண்ணீர் பிடிப்பதை நிறுத்திவிட்டாள். தெருவே நிறுத்தியிருந்தது. நாலு தெரு தள்ளியிருந்த ஒரு வீட்டுக் கிணற்றில் வரிசையில் நின்று இரண்டு குடம் சுமந்து வந்தாள்.

“எம்மா, பாட்டில கழுவிக் குடுத்தது நான். பக்கத்துல நின்னு பாத்தது நீ. பெறவும் ஏன் கெடந்து சாகுத?”

“பாட்டில் நம்மதுதான். அதுல அவரு என்னத்த ஊத்தினாருன்னு நாம கண்டோமா?”

“ரெண்டு வருஷமா ஒங் கையால காப்பி வாங்கிக் குடிச்ச மனுசன்.”

“அதெல்லாம் சரி. மீனு செத்துச்சுல்லா?”

எனக்குக் கோபம் வந்தது. “நம்ம அண்ணனும் மஸ்கட்ல அடுத்தவன் நாட்டுலதான் இருக்கான். அவனப் பத்தி அங்க ஒருத்தன் இப்படி எழுதினா?”

“அவன் வேலைக்குல்லா போயிருக்கான்” என்றாள் அம்மா. குடத்தை இறக்கிவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவளைப் பார்த்தபோது மேலே பேசத் தோன்றவில்லை. இரவு அந்தக் கிணற்றுத் தண்ணீரில் ஒரு சொம்பு எடுத்துக்கொண்டு போய்ப் பின்கட்டு வாசலில் வைத்துவிட்டு வந்ததையும் பார்த்தேன்.

தேர்தல் வரப்போகிறது என்று பேச்சு இருந்த காலம். எங்கள் வார்டில் நிற்க ஆசைப்பட்ட ஒருவர் ரதவீதி முக்கில் மைக் கட்டினார். இரும்புக் கடை வைத்திருந்தவர். அதற்கு முன் கோயில் கொடை விழாவுக்கு வரி பிரிப்பதைத் தவிர வேறு எதிலும் அவர் பேச்சு எடுபட்டதில்லை. அன்று கையில் எங்கள் பத்திரிகையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, “நான் சொல்லலை, பேப்பர்ல போட்டிருக்கான். நம்ம புள்ளைக குடிக்க தண்ணியில கை வச்சிட்டாங்க. வெளியில இருந்து வந்தவங்களக் கணக்கெடுத்து ஒரே எடத்துல வையிங்கன்னு கேக்கேன். தப்பா?” என்றார். கூட்டம் அமைதியாகக் கேட்டது. மாடியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த எனக்கு அவர் பேசிய ஒவ்வொரு வாக்கியமும் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தது. பாதி வாக்கியங்களை நான் ஒற்றுப்பிழை திருத்தி அடித்திருந்தேன். மறுநாள் அவர் பேச்சு எங்களுக்குச் செய்தியாக வந்தது. அதையும் அடித்தேன்.

ஒரு வாரம் கழித்துப் பரிசோதனை முடிவு வந்தது. தண்ணீரில் விஷம் எதுவும் இல்லை. ஆறு வற்றிப் பள்ளத்தில் தேங்கிய தண்ணீர் சூடேறியதால் மீன்கள் செத்திருக்கின்றன. செய்தியாளர் எழுதிக் கொடுத்த காகிதத்தில் இதெல்லாம் இருந்தது. மேலே ஆசிரியர் சிவப்பு மையில் தலைப்பு எழுதியிருந்தார்: ‘ஆற்றில் விஷம் மாயமானது எப்படி?’

பதினொன்று ஐம்பது. அவர் போனில் யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். நான் ‘ஆற்று நீரில் விஷம் இல்லை’ என்று அடித்தேன். கீழே சின்ன எழுத்தில், அகதி ஆசிரியர் மாணவர்களுக்குப் பாடம் நடத்தவே தண்ணீர் எடுத்தார் என்று ஒரு வரி சேர்த்தேன். பக்கம் அப்படியே போனது. யாரும் பார்க்கவில்லை. போஸ்டருக்கும் அதையே போட்டேன். அந்த ஒரு நாள் பகலில் நான் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

சாயங்காலமே ஆபீஸுக்கு போன்கள் வரத் தொடங்கினவாம். மறுநாள் காலையில் நான் போனபோது இரும்புக் கடைக்காரர் ஆசிரியர் அறையில் உட்கார்ந்திருந்தார்.

“எவ்வளவு வே வாங்குனீரு?” என்று அவர் கேட்டது வெளியே கேட்டது. “விஷம் இல்லையாம். இத்தன மீனு என்ன தூக்குப் போட்டா செத்துச்சு? ரிப்போர்ட்ட மாத்திட்டாங்கன்னு ஊரு பூராவும் பேசுதான். நீரு அவங்களுக்கு ஒத்து ஊதுதீரு.”

பத்திரிகை பாதிக்கு மேல் திரும்பி வந்திருந்தது. விஷம் இல்லை என்று போட்ட ஒரே காரணத்துக்காக விஷம் இருந்திருக்க வேண்டும் என்று ஊர் முடிவு செய்துகொண்டது. டீக்கடையில் எங்கள் போஸ்டரை யாரோ கிழித்திருந்தார்கள். அதற்கு முன்னால் தொங்கியவற்றை ஒருவரும் கிழிக்கவில்லை.

இரும்புக் கடைக்காரர் போன பிறகு ஆசிரியர் என்னைக் கூப்பிட்டார். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் சிவப்பு மைப் பேனாவின் மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டினார்.

“ஒன்ன அனுப்ப முடியாது. ஒன்ன மாதிரி பிழை இல்லாம அடிக்க ஆளு கெடயாது. ஆனா இனிமே தலைப்பு அடிச்சதும் எங்கிட்டக் காட்டிட்டுத்தான் அனுப்பணும்.” மூடியை மாட்டிப் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, “நீ போட்டதுதான் நெசம். எனக்குத் தெரியாதா?” என்றார்.

அன்று மாலை வந்த பத்திரிகையில் ‘ஆற்றில் விஷம் மாயமானது எப்படி?’ என்ற தலைப்பு ஒரு நாள் தாமதமாக வந்தது. பத்திரிகை முழுவதும் விற்றுப் போனது.

சாரை விட்டுவிட்டார்கள். அவர்மேல் வழக்கு எதுவும் இல்லை. ஆனால் வெளியே தங்கும் அனுமதியை ரத்து செய்து, குடும்பத்தோடு முகாமுக்குப் போகச் சொன்னார்கள். அவருடைய பாதுகாப்புக்காகத்தான் என்றார்கள். இரண்டு நாள் அவகாசம். அவர் அந்த இரண்டு நாளும் புத்தகங்களைக் கட்டினார். டியூஷன் பிள்ளைகளில் ஒன்றுகூட வரவில்லை. வேன் வந்து நின்றபோது அம்மா ஒரு பொட்டலம் நிறைய வடகம் கட்டி சாரின் மனைவி கையில் கொடுத்தாள், முகத்தைப் பார்க்காமல். நான் மகளின் சைக்கிளை வேன் மேல் ஏற்ற உதவினேன். முகாமில் சைக்கிள் ஓட்ட இடமிருக்குமா என்று நாங்கள் யாரும் யோசிக்கவில்லை.

மழைக்காலம் முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் முகாமுக்குப் போனேன். நெடுஞ்சாலை ஓரத்தில் பழைய பஞ்சு கோடவுன். உள்ளே சாக்கையும் பழைய சேலையையும் தொங்கவிட்டு வீடு வீடாகப் பிரித்திருந்தார்கள். வாசலில் இருந்த போலீஸ்காரர் ஒரு நோட்டில் என் பெயரும் வேலையும் எழுதச் சொன்னார். பெயரை எழுதினேன். வேலை என்ற இடத்தில் டைப்பிஸ்ட் என்று எழுதினேன்.

சார் இளைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, ஒரு டிரங்குப் பெட்டியைத் துடைத்து உட்காரச் சொன்னார். தேங்காய்ச் சிரட்டை அகப்பையால் கிளறிக்கொண்டிருந்த அவர் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்தார். நான் வழி முழுக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்ததைச் சொன்னேன்.

“சார், முதல் நாள் தலைப்ப அடிச்சது நான்தான். போஸ்டரும் நான்தான்.”

“தெரியும் பிள்ளை” என்றார் அவர். “உங்கடை வேலை அதுதானே.”

மன்னித்ததாக எனக்குத் தோன்றவில்லை. குற்றம் சொன்னதாகவும் தோன்றவில்லை. கரும்பலகையில் ஏற்கெனவே எழுதியிருந்ததைப் படிப்பது போலச் சொன்னார். அதற்கு அவர் கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. சாக்குக்கு அந்தப் பக்கம் ஒரு குழந்தை பாடம் படித்துக்கொண்டிருந்தது.

“ஒரு உதவி கேக்கலாமோ?” என்றார் பிறகு. “மகள் பத்தாம் வகுப்புச் சோதினை எழுதோணும். பேர் டவுண் பள்ளிக்கூடத்திலைதான் இருக்கு. முகாமை விட்டு வெளியிலை போக அனுமதி வேணும். நான் ரெண்டு தரம் எழுதிக் குடுத்திட்டன். பதில் இல்லை. நீங்கள் நல்லா அடிச்சு ஒரு மனு தாருங்கோ. அச்சிலை வந்தால் வாசிப்பினம்.”

ஆபீஸ் கம்ப்யூட்டரில் அச்சு வேலை முடிந்த பிறகு உட்கார்ந்து கலெக்டருக்கு மனு அடித்தேன். ஆசிரியர் பின்னால் வந்து நின்று முழுவதையும் படித்தார். தன் அறைக்குப் போய், தனக்குத் தெரிந்த ஒரு அதிகாரிக்கு போன் செய்தார். அனுமதி வந்தது. தேர்வு நாட்களில் மட்டும், ஒரு பெண் போலீஸ் துணையோடு போய்வர வேண்டும் என்று.

முதல் தேர்வன்று நான் பள்ளிக்கூட வாசலில் போய் நின்றேன். சாரின் மகள் டவுண் பஸ்ஸில் இருந்து இறங்கினாள், பின்னால் காக்கிச் சேலையில் போலீஸ்காரம்மா. கூட்டமாக நின்ற பிள்ளைகள் இரண்டு பக்கமும் ஒதுங்கி வழி விட்டார்கள். அவர்களில் நாலைந்து பேர் அவள் அப்பாவிடம் படித்தவர்கள். ஒருத்தி மட்டும் கையை இடுப்புயரம் தூக்கி லேசாக அசைத்துவிட்டு, தன் தாய் பார்ப்பதைக் கண்டதும் இறக்கிக்கொண்டாள்.

நான் இரண்டு பேனாக்கள் வாங்கி வைத்திருந்தேன். அருகில் போய்க் கொடுத்தேன். அவள் வாங்கிக்கொண்டாள். சுற்றிலும் பார்த்தாள். ஒரு வருஷத்தில் நன்றாக வளர்ந்திருந்தாள்.

“நல்லா எழுது என்ன” என்றேன்.

“ஓம் அக்கா. நீங்கள் இதிலை நிக்காதேங்கோ, போங்கோ” என்றாள் தாழ்ந்த குரலில். “ஆரும் பாத்தினமெண்டால் உங்களையும் எழுதிப்போடுவினம்.”

மணி அடித்தது. போலீஸ்காரம்மா கடிகாரத்தைப் பார்த்துவிட்டு அவள் தோளைத் தொட்டார். அவள் உள்ளே போனாள். நான் சாலையைக் கடந்து ஜங்ஷன் பஸ்ஸுக்கு நின்றேன். ஒன்பதே முக்கால் ஆகியிருந்தது. அன்றைக்கு நான் வேலைக்குத் தாமதம்.